வருகையின் நோக்கம்

நெடுங்காலம் பிரிந்திருந்த இடத்திற்குத் திரும்பி வருகின்ற ஒருவன் உண்மையில் எதைத் தேடி வருகிறான்? அந்த இடத்தையா? அங்கே விட்டுச் சென்ற தன் இளமையையா? அல்லது, தீர்க்காமல் விட்டுவந்த ஏதோ ஒன்று அவனைத் திரும்ப அழைக்கிறதா? இவ்வினா எனக்கு நூல்களைப் படிக்கையில் எழவில்லை. ஒரு பள்ளியின் வாயிற்காவல் அறையில், வருகையாளர் பதிவேட்டின் சிறு கட்டம் ஒன்றின் முன்னே எழுந்தது.

அது 2023-ஆம் ஆண்டின் நடுப்பகுதி. இடைநிலைப் பள்ளியில் என்னோடு பயின்ற நண்பர் ஒருவர் ஆஸ்திரேலியாவிலிருந்து பினாங்குக்கு வந்திருந்தார். 1988-இல் மேற்படிப்புக்காகப் பெர்த் நகருக்குச் சென்றவர் அவர். அங்கேயே தொழில், அங்கேயே இல்லறம், அங்கேயே குடியுரிமை என்று வாழ்க்கை வேர்விட்டுவிட்டது. பெற்றோர் உயிரோடிருந்த காலத்தில் சில முறை வந்து போனதுண்டு. அப்போதெல்லாம் வீட்டுக் காரியங்களுக்கே நேரம் போதவில்லை. இம்முறை வந்தவர், "நாம் படித்த பள்ளியை ஒரு முறை பார்த்துவிட வேண்டும்; தனியே போக மனம் வரவில்லை, நீயும் வா" என்றார். மறுக்க முடியுமா? ஒரு காலைப்பொழுதில் இருவரும் சென்றோம்.

ஜோர்ஜ்டவுன் நகரின் பழைய பள்ளிகளுள் ஒன்று அது. பெயர் இங்கே தேவையில்லை. வாயிற்காவல் அறையில் மலாய்ப் பெண்மணி ஒருவர் அமர்ந்திருந்தார். நான் என் அடையாள அட்டையை நீட்டினேன். நண்பரோ தம் கடவுச்சீட்டை எடுத்தார். நம் நாட்டுச் சட்டம் இரட்டைக் குடியுரிமைக்கு இடந்தருவதில்லை. வேற்று நாட்டுக் குடியுரிமையை ஏற்றபோதே அவர் தம் அடையாள அட்டையை இழந்துவிட்டார். ஆறாண்டுக் காலம் அன்றாடம் எவரையும் கேளாமல் நுழைந்த வாயிலில் அந்த அயல்நாட்டுக் கடவுச்சீட்டைக் கொடுக்கும்போது அவர் கை சற்றே தயங்கியதை நான் கண்டேன்.

பெயர், எண், வந்த நேரம் ஆகியவற்றை எழுதிவிட்டு அவர் பேனாவை வைத்தார். அப்பெண்மணி பணிவாக, "என்சேக், இந்தக் கட்டத்தையும் நிரப்ப வேண்டும்" என்றார். 'துஜுவான்' என்று மலாயில் தலைப்பிட்டிருந்த கட்டம் அது. வருகையின் நோக்கம்! "நான் இங்கே படித்தவன்" என்றார் நண்பர். "நல்லது. ஆனால், வந்த நோக்கம் என்ன?" என்று மீண்டும் கேட்டார் அவர். நண்பர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இறுதியில் 'பார்வையிட' என்று ஒரு சொல்லை எழுதிவிட்டு உள்ளே நடந்தோம். அவர் எழுதியதையே நானும் எழுதினேன். எனக்கு வேறு நோக்கம் இருக்கக்கூடும் என்று அப்போது தோன்றவில்லை.

உள்ளே சென்றதும் நண்பரின் முகம் வாடிப் போயிற்று. திடலோரம் நிழல் பரப்பி நின்ற தூங்குமூஞ்சி மரம் இல்லை. அவ்விடத்தில் மகிழுந்துகளுக்குத் தகரக் கூரை போட்டிருந்தார்கள். நாங்கள் படிவம் இரண்டில் அமர்ந்திருந்த மாடி வகுப்பறையில் உடைந்த நாற்காலிகள் அடுக்கப்பட்டிருந்தன. சிற்றுண்டிச்சாலை இடம் மாறியிருந்தது. கரும்பலகைகள் மறைந்து வெண்பலகைகள் வந்திருந்தன. "பள்ளியைக் கெடுத்துவிட்டார்கள்" என்றார் நண்பர், ஒரு முறையன்று, மும்முறை.

அவர் வருத்தத்தை நான் உணர்ந்தேன். ஆயினும் என்னுள் ஒரு கேள்வி எழுந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளில் அவருடைய ஊர் மாறியது, உணவு மாறியது, குடியுரிமை மாறியது, அவர் பிள்ளைகள் பேசும் மொழியும் மாறியது. இத்தனையும் மாறலாம், பள்ளி மட்டும் அவர் விட்டுச் சென்ற நாளிலேயே அசையாது நிற்க வேண்டுமா? அப்படி எதிர்பார்ப்பதற்கு நமக்கு என்ன உரிமை?

பினாங்கும் நின்ற இடத்தில் நிற்கவில்லையே! 1969-இல் தீவு தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. 1972-இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை தொடங்கிற்று. 1985-இல் பாலம் திறக்கப்பட்டது. குறைந்த வாடகையில் ஏழை எளியோரை நகர நடுவே வாழவைத்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு முடிவுக்கு வந்தது. கடைவீடுகளின் மேல்மாடிகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த குடும்பங்கள் பல வெளியேறின. 2008-இல் யுனெஸ்கோ ஜோர்ஜ்டவுனை உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்தபோது சுவர்கள் காக்கப்பட்டன. அச்சுவர்களுக்குள் வாழ்ந்த மக்களுள் பலர் அதற்கு முன்பே போய்விட்டனர். குடும்பங்கள் போனால் பிள்ளைகள் போவார்கள். பிள்ளைகள் போனால் வகுப்பறை பண்டகசாலை ஆகும். இதில் கெடுத்தவர் யார்?

இவ்விடத்தில் நம் தீவின் வரலாற்றிலிருந்தே ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். வூ லியன் தே என்ற பெருமகனார் 1879-இல் பினாங்கில் ஒரு பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்தவர். பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் கற்று, அரசியார் உபகாரச் சம்பளம் பெற்று, 1896-இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். 1910-இலும் 1911-இலும் மஞ்சூரியாவில் நுரையீரல் கொள்ளைநோய் ஆயிரமாயிரம் உயிர்களைக் குடித்தபோது, அது மூச்சின் வழியே பரவுவதை உணர்ந்து, துணியாலான முகக்கவசத்தை அணியச் செய்து, அந்நோயை அடக்கியவர் அவரே. பின்னர் 1937-இல் மலாயாவுக்குத் திரும்பி, ஈப்போவில் மருத்துவம் பார்த்து, 1960-இல் பினாங்கிலேயே கண்மூடினார்.

அவர் திரும்பி வந்தபோது, அவர் படித்த பள்ளி எங்கே இருந்தது? அவர் பயின்ற காலத்தில் அது ஃபார்குவார் தெருவில் இருந்தது. 1928-இலேயே கிரீன் லேனுக்குப் பெயர்ந்துவிட்டது. பழைய இடத்துக் கட்டடத்தில் வேறொரு பள்ளி நடந்தது. போர்க்காலக் குண்டுவீச்சில் அக்கட்டடத்தின் ஒரு பகுதி அழிந்தது. எஞ்சிய பகுதி 1965-இல் அரும்பொருளகம் ஆயிற்று. அப்படியானால், வூ லியன் தேயின் பள்ளி எது? இடம் என்றால், அங்கே அந்தப் பள்ளி இல்லை. கட்டடம் என்றால், அதில் பாதிதான் உண்டு. பெயர் என்றால், அது வேறிடத்தில் இருக்கிறது.

பிடி மாற்றிய அரிவாளை நாம் பழைய அரிவாள் என்கிறோம். அலகு மாற்றினாலும் அப்படியே சொல்கிறோம். ஏன்? அது இன்னும் கதிர் அறுக்கிறது. பள்ளியும் அத்தகையதே. 1816-இல் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் பாதிரியார் அப்பள்ளியைத் தொடங்கியபோது, இனமும் சமயமும் பாராமல் யாவர்க்கும் கதவு திறந்திருக்கும் என்பதே அதன் கருத்தாக இருந்தது. அங்கே தமிழும் கற்பிக்கப்பட்டது என்பதைக் கொண்டுதான், 2016-இல் மலேசியத் தமிழ்க் கல்வியின் இருநூறாம் ஆண்டை நாம் கொண்டாடினோம். அன்றைய கூரையும் இல்லை, சுவரும் இல்லை; கொண்டாட என்ன எஞ்சியிருந்தது? ஒரு குழந்தையை உள்ளே அழைத்து எழுத்தறிவித்த செயல் எஞ்சியிருந்தது. அச்செயல் எங்கெல்லாம் தொடர்கிறதோ அங்கெல்லாம் அப்பள்ளி இருக்கிறது. பள்ளி என்பது இடமன்று, ஒரு தொழில்.

இது சரியென்றால், பழைய பள்ளியைப் பார்க்க வருபவன் எதைப் பார்க்க வேண்டும்? மரத்தையன்று, மாடிப்படியையன்று, இன்று அங்கே பயிலும் பிள்ளையைப் பார்க்க வேண்டும். இவ்வளவு தெளிவாக அன்று நான் எண்ணியிருந்தேனா? இல்லை. என்னை எண்ண வைத்தவன் ஒரு சிறுவன்.

மாடிப்படியின் கீழ்ப்பகுதிக்கு வந்தோம். நண்பர் சட்டென நின்று, "நேரங்கழித்து வந்தவர்களை நிறுத்துவது இங்கேதானே?" என்றார். பிறகு ஒரு பெயரைச் சொன்னார். "அவன் இந்தத் தூணருகில்தான் நிற்பான். பாதிநாள் நின்றிருப்பான். அவன் என்ன ஆனான், தெரியுமா?" என்று கேட்டார். அந்தப் பெயரை நான் கேட்டு எத்தனையோ ஆண்டுகளாயின. கடல் கடந்து போனவர் அதை நினைவில் வைத்திருந்தார். அதே தீவில் இருந்த நான் மறந்திருந்தேன். மறந்திருந்தேன் என்பதுகூடச் சரியன்று, நினையாமலிருக்கப் பழகியிருந்தேன்.

நான் பதில் சொல்வதற்குள், "வணக்கம் ஐயா!" என்ற குரல் கேட்டது. திரும்பினேன். இரண்டு தமிழ் மாணவர்கள். ஒருவனை உடனே அடையாளம் கண்டுகொண்டேன். சென்ற ஆண்டு வரை என் பள்ளியில் ஆறாம் ஆண்டில் பயின்றவன். தமிழில் நன்றாக எழுதுவான். மலாயில் பின்தங்கியதால் புகுமுக வகுப்பில் சேர்க்கப்பட்டிருந்தான். எங்கள் பள்ளியில் எப்போதும் கலகலவென்று பேசுபவன், இங்கே குரலைத் தாழ்த்திப் பேசினான். முகம் மலர அவன் கேட்டான்: "ஐயா, எங்களைப் பார்க்கவா வந்தீர்கள்?"

வாயிலில் எழுதிய சொல் என் நினைவுக்கு வந்தது. பார்வையிட! எதைப் பார்வையிட? மரம் இருந்த இடத்தையா? அவன் கண்கள் என்னையே நோக்கியிருந்தன. "ஆம், உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்" என்றேன்.

அது பொய்.

அப்பொய்யைச் சொன்ன நாக்கு அன்றிரவெல்லாம் என்னை உறங்கவிடவில்லை. அதோடு சேர்ந்து நண்பர் சொன்ன பெயரும் உறங்கவிடவில்லை. இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பது விடியற்காலையில்தான் எனக்கு விளங்கிற்று. அதனை இங்கே மறைக்காமல் எழுதுவதே முறை.

1984-ஆம் ஆண்டு. படிவம் இரண்டில் நான் வகுப்புத் தலைவன். நேரங்கழித்து வருபவர்களின் பெயரை ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கட்டொழுங்கு ஆசிரியரிடம் கொடுப்பது என் பொறுப்பு. பெயர், நேரம், காரணம் என மூன்று கட்டங்கள். காரணத்திற்குச் 'செபாப்' என்று மலாயில் தலைப்பு. நண்பர் குறிப்பிட்ட மாணவன் எங்களோடு தமிழ்ப்பள்ளியிலிருந்து புகுமுக வகுப்பு வழியாக வந்தவன். அவன் தந்தை சௌரஸ்தா சந்தையில் காய்கறிக் கடைக்குக் கூலி வேலை செய்தார். விடியற்காலையில் வரும் சரக்குந்திலிருந்து மூட்டைகளை இறக்கித் தந்தைக்கு உதவிவிட்டுத்தான் அவன் பள்ளிக்கு வருவான். அப்போது பாலம் இல்லை. பெருநிலத்திலிருந்து சரக்குந்து ஃபெரியில்தான் கடல் கடந்து வரவேண்டும். ஃபெரித் துறையில் வரிசை நீண்டால் சரக்குந்து தாமதம். சரக்குந்து தாமதமானால் அவன் தாமதம்.

இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். நான் பள்ளிக்கு நடந்து வருவதே அச்சந்தை வழியாகத்தான். தோளில் சாக்கோடு அவன் நின்றதை எத்தனையோ காலைகளில் பார்த்திருக்கிறேன். ஆயினும் குறிப்பேட்டில் அவன் பெயரை எழுதினேன், நேரத்தை எழுதினேன், காரணக் கட்டத்தில் ஒரு சிறு கோடு போட்டேன். அவன் தானாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கோடு போடுவது எளிது. பிரம்படி விழுந்தது. வீட்டுக்குக் கடிதம் போயிற்று. அவன் தந்தைக்கு அக்கடிதத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவ்வாண்டின் நடுவே ஒரு விடுமுறைக்குப் பின் அவன் பள்ளிக்கு வரவேயில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் பாலம் திறந்தது. ஊரே விழாக் கொண்டாடிற்று. எனக்கு அன்றும் அவன் நினைவு வரவில்லை.

அவன் போனதால் இன்னொன்றும் நேர்ந்தது. 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, இடைநிலைப் பள்ளியில் தாய்மொழி வகுப்பு வேண்டுமானால் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும். எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சரியாகப் பதினைந்து பேர் இருந்தோம். அவன் போனதும் பதினான்கானோம். மறு ஆண்டு வகுப்பு அதிகார முறைப்படி நடைபெறாது என்றார்கள். சட்டப்படி அதில் தவறில்லை. எண்ணிக்கை குறைந்தது, வகுப்பு நின்றது.

ஆனால், எங்கள் தமிழாசிரியர் நிற்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் தம் மிதிவண்டியில் வந்தார். வகுப்பறை பூட்டியிருந்தது. "பரவாயில்லை, தமிழுக்குப் பூட்டுப் போடவில்லையே" என்று சிரித்துவிட்டு, அதே மாடிப்படியின் கீழே எங்களை அமரவைத்து நன்னூல் கற்பித்தார். ஊதியம் இல்லை, பதிவேடு இல்லை. இரண்டாண்டுக் காலம் வந்தார். நான் தமிழாசிரியன் ஆனதற்கு அந்தப் படிக்கட்டே காரணம். அவர் மறைந்து பல ஆண்டுகளாயின.

ஒரே படிக்கட்டின் அடியில் இருவேறு ஒழுக்கங்கள் நின்றன. நான் விதி சொன்னதை மட்டும் செய்தேன். அவர் விதி முடிந்த இடத்திலிருந்து தொடங்கினார். என் ஏட்டில் பிழையில்லை. ஆனால் ஒரு மாணவன் போய்விட்டான். அவருக்கு ஏடே இல்லை. ஆனால் பதினான்கு பேர் தங்கினோம்.

"பதினைந்து வயதுச் சிறுவன் தன் கடமையைச் செய்தான், இதைக் குற்றமென்று ஏன் பெரிதாக்குகிறீர்?" என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அவன் படிப்பை விட்டதற்கு வறுமையும் காரணம், மொழியும் காரணம், வேறு காரணங்களும் இருந்திருக்கும். என் கோடு ஒன்றே அவன் வாழ்வைத் திருப்பியது என்று சொல்வது, பணிவு போலத் தோன்றும் தற்பெருமை. அதை நான் சொல்ல வரவில்லை.

நான் சொல்வது வேறு. வாய்மைக்கு வள்ளுவர் இலக்கணம் வகுத்தபோது, நிகழ்ந்ததை நிகழ்ந்தபடி சொல்வது என்று அதைச் சுருக்கவில்லை. பிறர்க்குத் தீங்கில்லாத சொல்லே வாய்மை என்றார். நான் எழுதிய பெயர் உண்மை, நேரம் உண்மை. காரணத்தை அறிந்தும் கோடு போட்டபோது, அவ்விரண்டு உண்மைகளும் சேர்ந்து ஒரு பொய்யாயின. 'இவனுக்குக் காரணம் இல்லை' என்று அந்தக் கோடு சாட்சி சொல்லிற்று. பாதி உண்மையைச் சொல்லி மீதியை விழுங்குவது நம்மில் பலருக்கு ஒழுங்கின் பெயரால் எளிதாகிவிடுகிறது. வருகைப் பதிவேட்டைக் கையாளும் ஆசிரியர் ஒவ்வொருவரும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பதினைந்து வயதில் செய்தது சிறு பிழை என்றே கொள்வோம். ஐம்பது வயதில் செய்வது? என் பள்ளிக்கும் அந்த இடைநிலைப் பள்ளிக்கும் இடையே ஏழு கிலோமீட்டர்கூட இராது. ஆண்டுதோறும் என் ஆறாம் ஆண்டு மாணவர்களுள் சிலரை அங்கே அனுப்புகிறேன். நம் நாட்டில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் தமிழ்க் குழந்தை வேறொரு மொழியின் வாயிலில் நிற்கிறது. இதை மேடைகளில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். ஆனால், அவ்வாயிலைத் தாண்டிய குழந்தை என்ன ஆயிற்று என்று ஒரு முறையேனும் போய்ப் பார்த்தேனா? இல்லை. விடைபெறு விழாவில் பழத்தட்டும் சான்றிதழும் கொடுத்து, பெயர்ப்பட்டியலை மூடி, ஒரு கோடு போட்டுவிட்டேன். மீண்டும் அதே கோடு!

நண்பர் கடல் கடந்து வெளியேறியவர். நான் கடக்காமலே வெளியேறியவன். அவருக்காவது வரவேண்டும் என்ற ஏக்கம் இருந்தது. எனக்கு அதுவும் இல்லை. அருகில் இருப்பதையே உடன் இருப்பதாக எண்ணிக்கொண்டு வாழ்ந்துவிட்டேன்.

ஆகவே, போனவர்களைக் குறை சொல்லும் உரிமை எனக்கில்லை. நாமே போனவர்களின் பேரப்பிள்ளைகள்தாமே! என் பாட்டனார் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி இங்கு வந்தவர். தாம் மணலில் விரலால் எழுதிப் பழகிய திண்ணைப் பள்ளியைப் பற்றி இறுதிவரை பேசிக்கொண்டிருந்தார். திரும்பிப் போய்ப் பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை. ஆனால், மாலை வேளைகளில் அண்டை வீட்டுப் பிள்ளைகளை அமர்த்தி எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். தம் திண்ணையை அவர் அப்படித்தான் திரும்பக் கண்டார் போலும்.

நினைவு என்பது இவ்விடத்தில் நமக்குத் துணையா, பகையா? நன்னூல் மாணாக்கரை வகைப்படுத்தும்போது, தலைமாணாக்கருக்கு அன்னத்தை உவமை காட்டுகிறது. கடைமாணாக்கருள் ஒருவனுக்கு நெய்யரியைக் காட்டுகிறது. அன்னம் நீரை விட்டுப் பாலைக் கொள்ளும். நெய்யரியோ நெய்யை ஒழுகவிட்டுக் கசட்டைத் தாங்கி நிற்கும். நினைவும் ஒரு மாணாக்கன்தான். பழைய பள்ளியை எண்ணும்போது அது இனியவற்றை மட்டும் பிரித்தெடுத்துத் தருகிறது. அதனால் அதை அன்னம் என்று நம்பிவிடுகிறோம். ஆனால், நமக்கு இனியது எது, நாம் அறிய வேண்டியது எது என்பதல்லவா கேள்வி? மரத்தின் நிழல் தங்கி, தூணருகில் நின்றவன் ஒழுகிப் போனால், நம் நினைவு அன்ன வேடம் பூண்ட நெய்யரியே.

நண்பரின் நினைவில் இரண்டும் தங்கியிருந்தன. அது அவருடைய பெருமை. பள்ளித் துணைமுதல்வரைச் சந்தித்தபோது, மரம் இருந்த இடத்தருகே ஒரு கல்லிருக்கை அமைத்து, 1987-இல் படிவம் ஐந்து முடித்தவர்களின் நினைவாகப் பலகை ஒன்று பதிக்க விரும்புவதாகக் கூறினார். துணைமுதல்வர் நன்றியோடு கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் நண்பர் என்னிடம், "அந்தப் பலகையில் அவன் பெயர் வருமா? அவன் படிவம் ஐந்து முடிக்கவில்லையே" என்றார். என்னால் மறுமொழி சொல்ல இயலவில்லை.

நன்றி என்பதை நாம் திருப்பிக் கொடுத்தல் என்றே பெரும்பாலும் எண்ணுகிறோம். ஆனால், கல்வியால் வந்த நன்மையை யாரிடம் திருப்பிக் கொடுப்பது? என் தமிழாசிரியர் இல்லை. இருந்தாலும், படிக்கட்டின் அடியில் கழிந்த சனிக்கிழமைகளுக்கு என்ன விலை கொடுப்பேன்? சங்கப் பாடல்களில் 'கடன்' என்னும் சொல் கடமை என்ற பொருளில் வருவதை நாம் வகுப்பில் கற்பிக்கிறோம். இன்று அச்சொல்லுக்குப் பட்ட பணம் என்பதே முதற்பொருள். இரு பொருளும் ஒரு சொல்லில் தங்கியிருப்பதை நான் ஒரு பாடமாகக் கொள்கிறேன். பெற்றுக்கொண்டது கடன், அதனால் செய்ய வேண்டியதும் கடன். ஆனால், தந்தவரிடமே தீர்க்க முடியாத கடனும் உண்டு. வாய்க்காலில் வந்த நீரைத் தலைமடைக்குத் திருப்பிவிட எவராலும் இயலாது; மடையைத் திறந்து கடைமடைக்கு விடுவதுதான் உழவனின் முறை. தன் வயல் நிரம்பியவுடன் மடையை அடைத்துக்கொண்டு, தலைமடையை நோக்கிக் கைகூப்பி நிற்பவனை நன்றியுடையவன் என்போமா? கடைமடை காய்ந்துகொண்டிருக்கும்போது அவன் கும்பிடு யாருக்குப் பயன்படும்?

பழைய பள்ளிக்கு வருகிறவர்கள் கும்பிடட்டும்; கண்ணீர் விடட்டும்; கல்லிருக்கையும் அமைக்கட்டும். அவற்றில் எனக்குக் குறையில்லை. அவற்றோடு மடையையும் திறக்க வேண்டும் என்பதே என் கருத்து.

நண்பர் பெர்த்துக்குத் திரும்பிய பின் எனக்கு எழுதினார்: அங்கே தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு என்ன தேவை என்று கேட்டுச் சொல்லுமாறு. கேட்டேன். தமிழ் வகுப்பு பள்ளி நேரத்திற்குப் பிறகு நடக்கிறது. அது முடிவதற்குள் பள்ளிப் பேருந்து போய்விடுகிறது. அதனால் சில பிள்ளைகள் வகுப்புக்கு வருவதில்லை என்றார்கள். காரணம் இவ்வளவுதான். ஒருவர் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். இப்போது ஒரு சிற்றுந்துக்கு நண்பர் மாதந்தோறும் பணம் அனுப்புகிறார். கல்லிருக்கையும் அமைந்துவிட்டது. அதில் பெயர்கள் இல்லை. '1982-இல் இங்கு ஒன்றாக நுழைந்தவர்கள்' என்று மட்டும் பொறிக்கச் சொன்னார். முடித்தவர்கள் என்றில்லாமல் நுழைந்தவர்கள் என்று! அந்த ஒரு சொல்லில் பதினைந்து பேரும் அடங்கிவிட்டோம்.

நானும் ஒன்று செய்தேன். பெரிதன்று. குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்ற வள்ளுவர் கருத்தை நாம் அறிவோம். அதன் பின்னே ஒளிந்துகொள்ள நான் விரும்பவில்லை. நான் அச்சிறுவனிடம் சொன்னது, நான் மறுபடி போகாவிட்டால் வெறும் பொய்யாகவே நிற்கும். ஆகவே, மறுமாதம் போனேன். புகுமுக வகுப்பில் என் பள்ளியிலிருந்து வந்தவர்கள் நால்வர். மலாய்ப் பாடத்தில் எங்கே தடுக்குகிறது என்று அவர்களிடமே கேட்டேன். அவர்களின் ஆசிரியையிடமும் கேட்டேன். அவர் சொன்ன சில குறைகள் எங்கள் பள்ளியிலேயே தொடங்கியவை. அதைக் கேட்க எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தோடு திரும்பி வந்து, ஆறாம் ஆண்டு ஆசிரியர்களோடு அமர்ந்து பேசினோம். அன்று முதல் தவணைக்கு ஒரு முறையேனும் போகிறேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். நால்வரில் ஒருவன் இடையில் பள்ளி மாறிப் போய்விட்டான். அவன் எங்கே போனான் என்று தேடிக் கேட்டேன். இம்முறை கோடு போடவில்லை.

சௌரஸ்தா சந்தையில் சாக்கோடு நின்றவன் இப்போது எங்கே இருக்கிறான் என்பது எனக்குத் தெரியாது. நண்பருக்கும் தெரியாது. தெரிந்தால் போய்ப் பார்ப்பேன். என்ன சொல்வேன் என்பது எனக்கே விளங்கவில்லை. முதலில் காரணத்தைக் கேட்பேன்.

சென்ற தவணையில் போனபோது, வாயிலில் அதே பெண்மணி இருந்தார். இப்போது என்னை அவருக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே பதிவேட்டை நீட்டினார். பெயரையும் எண்ணையும் நேரத்தையும் எழுதினேன். நோக்கம் என்ற கட்டத்திற்கு வந்தேன். 'பிள்ளைகளைப் பார்க்க' என்று எழுதிவிட்டு உள்ளே நடந்தேன்.